முப்புரிக் கயிறு: ஆட்டுக்கால் சூப்பிலிருந்து கிண்டி வரை



எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு என்றால் அம்மம்மாவின் ஆட்டுக்கால் சூப். மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் போட்டு மூன்று மணித்தியாலம் கொதிக்க வைப்பார். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஞாயிறு காலையில் மூடியைத் திறந்தால், உள்ளே சூப் இருக்காது. ஜெல்லி இருக்கும். கரண்டியால் தட்டினால் ஆடும். சின்ன வயதில் எனக்கு அதைப் பார்த்தாலே அருவருப்பு.

"அது எலும்பின்ர சத்து பிள்ளை. அடுப்பில வை, உருகிப்போம்" என்பார் அம்மம்மா.

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. அந்த ஜெல்லியின் பெயர் ஜெலட்டின். அது கொலாஜன் என்ற புரதம் சூட்டில் அவிழ்ந்துபோனதால் வந்தது. அந்தக் கொலாஜன் அவிழ்வதற்கு முன் எப்படிப் பின்னப்பட்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்த கதையின் பெரிய பகுதி சென்னையில், கிண்டியில் நடந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த ஒரு தமிழ் விழாவில் நான் பேசினேன். தலைப்பு, "உலகம் மறந்த நம் அறிஞர்கள்". "கொலாஜனின் வடிவத்தைக் கண்டவர் நம் ராமச்சந்திரன். கேம்பிரிட்ஜில் இருந்தவர்கள் அதைத் திருடிக்கொண்டார்கள். நோபல் பரிசும் கிடைக்காமல் செய்துவிட்டார்கள்" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். நல்ல கைதட்டல். மாமாமார் எழுந்து நின்று தட்டினார்கள்.

பிறகு வடை சாப்பிடும் இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கை வந்து கேட்டாள்: "அக்கா, அந்தக் கட்டுரைகளை நீங்கள் வாசிச்சீங்களா?"

நான் வாசிக்கவில்லை. எங்கேயோ பகிரப்பட்ட ஒரு செய்தியைத்தான் வாசித்திருந்தேன். அன்று அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. வடை சூடு என்று சொல்லித் தப்பிவிட்டேன். அவளுக்கான பதில் இந்தப் பதிவு.

சங்கிலி எப்படிக் கயிறாகிறது

முதலில் புரதம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஜிம்முக்குப் போகும் அண்ணன்மார் குடிக்கும் பவுடர் மட்டும் புரதம் இல்லை. உங்கள் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சோற்றைச் சீரணிக்கும் நொதிகள் புரதங்கள். தலைமுடி புரதம். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜனும் புரதம். பாலூட்டிகளின் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். மிருதங்கத்தின் தோலும் பறையின் தோலும் அடியைத் தாங்குவது கொலாஜனால்தான்.

புரதம் ஒரு சங்கிலி. அதன் மணிகள் அமினோ அமிலங்கள். முக்கியமாக 20 வகை மணிகள். அவற்றை எந்த வரிசையில் கோர்க்க வேண்டும் என்பது நம் மரபணுவில் எழுதியிருக்கிறது. செல்லுக்குள் (பழைய பாடப்புத்தகங்களில் "கலம்" என்று இருக்கும்) ரைபோசோம் என்ற இயந்திரம் மணிகளைக் கோர்க்கிறது. அந்த ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவர் கதை வேறொரு நாளைக்கு.

மணிகளைக் கோர்ப்பதோடு வேலை முடிவதில்லை. சங்கிலி சரியான வடிவத்தில் மடிய வேண்டும். ஒரே நூலில் சட்டையும் பின்னலாம், வலையும் பின்னலாம், கயிறும் திரிக்கலாம். வடிவம் தப்பினால் வேலையும் தப்பும். அதனால் 1950களில் உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஒரே கேள்வியின் பின்னால் ஓடின: இந்தச் சங்கிலிகள் எப்படி மடிகின்றன?

1951-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், புரதச் சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருளலாம் என்றும், மடிப்பு விசிறி போல விரிந்து தகடாகலாம் என்றும் காட்டினார்கள். முதலாவது ஆல்ஃபா சுருள், இரண்டாவது பீட்டா தகடு. இரண்டும் சரியாக இருந்தன. அதே வருடம் அவர்கள் கொலாஜனுக்கும் ஒரு வடிவம் சொன்னார்கள். அது தவறாகப் போனது. பாலிங் போன்ற ஒருவரே தவறவிட்ட புரதம் என்றால் அது எவ்வளவு சிக்கலானது என்று யோசித்துப் பாருங்கள்.

எர்ணாகுளத்திலிருந்து கிண்டிக்கு

ஜி. என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பெயரின் முதலில் வரும் "ஜி" திருநெல்வேலிப் பக்கத்து ஊரான கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். அப்பா கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த ராமச்சந்திரன், 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இருந்த சி. வி. ராமன் அவரை இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் இரண்டு வருடம் இருந்து முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடியது. துணைவேந்தர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் ராமனிடம் கேட்க, ராமன் தன் மாணவரின் பெயரைச் சொன்னார். அப்போது ராமச்சந்திரனுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. கிண்டியில் எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.

எக்ஸ்-கதிர் எதற்கு? அணுக்கள் மிகச் சின்னவை. சாதாரண வெளிச்சத்தில் எந்த நுண்நோக்கியாலும் அவற்றைப் பார்க்க முடியாது. ஆனால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு பொருளின் மேல் எக்ஸ்-கதிரை அடித்தால் அது சிதறி, ஃபிலிமில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் விழும். அந்தப் புள்ளிகளை வைத்து, உள்ளே அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். சுவரில் விழும் நிழலைப் பார்த்து, கையை எப்படி வைத்திருக்கிறார் என்று சொல்வது போன்ற வேலை.

அந்த நாட்களில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட வடிவங்கள் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கங்காரு வால்

கொலாஜன் வேண்டுமே, எங்கே போவது? கிண்டியின் பக்கத்திலேயே, அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுதல் என்றாலே கொலாஜனைக் கெடாமல் நிலைநிறுத்தும் வேலைதான். அங்கிருந்து கிடைத்தது கங்காருவின் வால் தசைநார். அதில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் நேராகப் படுத்திருக்கும். எக்ஸ்-கதிர் படம் தெளிவாக விழுவதற்கு அது நல்லது.

இந்த வேலையில் ராமச்சந்திரனுடன் இருந்தவர் கோபிநாத் கர்த்தா. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அவர்கள் கையில் இரண்டு துப்பு இருந்தன. ஒன்று, எக்ஸ்-கதிர் படம். மற்றது ஒரு விசித்திரமான கணக்கு: கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மணிகள் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சின்னது கிளைசின்தான். மற்ற மணிகளுக்குப் பக்கவாட்டில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். கிளைசினுக்குக் கை என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? ஏன் மிகச் சின்னது?

அவர்கள் சொன்ன பதில் இது. கொலாஜன் என்பது ஒரு சங்கிலி அல்ல, மூன்று சங்கிலிகள் சேர்ந்தது. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று மணிக்கு ஒரு மணி நடுவே, மற்ற இரண்டு சங்கிலிகளின் பக்கம் திரும்புகிறது. நடுவில் இடமே இல்லை. அங்கே கை நீட்டிய எந்த மணியும் நிற்க முடியாது, கிளைசின் மட்டும்தான் நிற்கலாம். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். நெரிசலான வேனில் மூன்று பெரியவர்களுக்கு நடுவில் குழந்தையை மட்டும்தான் உட்கார வைக்க முடியும் அல்லவா, அது மாதிரி.

1954 ஆகஸ்டில் "நேச்சர்" இதழில் இந்தக் கட்டுரை வந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் அவர்களே அதைத் திருத்தி இரண்டாவது கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகளும் வெறுமனே பக்கத்தில் ஓடவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கியும் கிடக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியும் தானாக ஒரு பக்கம் சுருள்கிறது, பிறகு மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கம் முறுகுகின்றன. கயிறு திரிப்பவர்களைக் கேளுங்கள், இதுதான் தொழில் ரகசியம் என்பார்கள். புரியை ஒரு பக்கமும் கயிற்றை மறுபக்கமும் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. தமிழில் இதற்குச் சொல்லே இருக்கிறது: முப்புரி.

ஏழு வாரம் கழித்து

என் பேச்சில் நான் "திருட்டு" என்று சொன்ன இடம் இதுதான். 1955 நவம்பரில், அதாவது இரண்டாவது கட்டுரை வந்து ஏழு வாரத்தில், அதே "நேச்சர்" இதழில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் கொலாஜன் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை 1953-இல் வாட்சனுடன் சேர்ந்து சொன்ன அதே கிரிக்.

அவர்கள் சொன்னதும் முறுக்கிய மூன்று சங்கிலிதான். ஆனால் ஒரு வேறுபாடு. சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். சட்டையின் பொத்தான் மாதிரி. மூன்று மணிக்கு இரண்டு பொத்தான் என்று சென்னை மாதிரி சொன்னது. ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். இரண்டு போட்டால் சில அணுக்கள் இயற்கை அனுமதிப்பதைவிட நெருக்கமாக வந்துவிடுகின்றன என்பது அவர்களுடைய வாதம்.

ராமச்சந்திரன், கர்த்தா கட்டுரையை அவர்கள் மறைத்தார்களா? இல்லை. அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே தவறு என்று நினைக்கிறோம் என்றும் எழுதினார்கள். அதே நேரத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு ஒன்றும் இதே மாதிரி வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. திருட்டு என்ற என் சொல் இங்கேயே விழுந்துவிட்டது.

பொத்தான் விஷயத்தில் யார் சரி? 1994-இல் கொலாஜன் போன்ற ஒரு சின்னப் புரதத் துண்டைப் படிகமாக்கி அணு அணுவாகப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு நேரடியான பொத்தான் ஒன்றுதான் இருந்தது. அந்த விஷயத்தில் ரிச், கிரிக் சொன்னதே சரி. ஆனால் சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் போட்டு நிற்பதும் தெரிந்தது. நீர் வழியாக இன்னொரு பிணைப்பு இருக்கலாம் என்று ராமச்சந்திரன் தரப்பு 1968-இலேயே சொல்லியிருந்தது. மூன்று சங்கிலி, நடுவில் கிளைசின், முறுக்கு என்ற அடிப்படை சென்னையில் முதலில் சொல்லப்பட்டது. அது இன்றுவரை நிற்கிறது. விவரத்தில் ஒரு பிழை இருந்தது. அதை மற்றவர்கள் திருத்தினார்கள்.

"மிக நெருக்கம்" என்றால் எவ்வளவு நெருக்கம்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் வேலையில் பிழை இருக்கிறது என்று உலகப் புகழ் பெற்ற ஒருவர் எழுதிவிட்டார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் அழுவேன்.

ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். அணுக்கள் "மிக நெருக்கமாக" இருக்கின்றன என்கிறார்கள். சரி, எவ்வளவு நெருக்கம் வரை இயற்கையில் இருக்கலாம்? அதை யாராவது முறையாக அளந்திருக்கிறார்களா?

வி. சசிசேகரனுடன் சேர்ந்து, அதுவரை வெளிவந்திருந்த படிகக் கட்டமைப்புக் கட்டுரைகளைத் தோண்டினார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே எவ்வளவு, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டார்கள். சாதாரணமாக இவ்வளவு தூரம், மிஞ்சிப்போனால் இவ்வளவு, அதற்குக் கீழே போகவே முடியாது என்று எல்லை வகுத்தார்கள்.

பிறகு அந்த எல்லையைக் கொலாஜனோடு நிறுத்தாமல் எல்லாப் புரதச் சங்கிலிகளுக்கும் வைத்துப் பார்த்தார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய ஒரு மூட்டு உண்டு. ஒன்றின் கோணத்துக்குப் பெயர் ஃபை, மற்றதற்கு சை. உங்கள் தோளும் முழங்கையும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியான அறையில் இரண்டையும் இஷ்டத்துக்கு ஆட்டலாம். விமானத்தில் நடு சீட்டில் உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கும், சில நிலைகளில் உங்கள் கையே உங்கள் மேல் இடிக்கும். இடிக்காத நிலைகள் கொஞ்சம்தான்.

அவர்கள் ஒரு சதுரம் வரைந்தார்கள். கிடையாக ஃபை, 360 பாகை. நெடுக சை, 360 பாகை. சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலியின் ஒரு நிலை. அந்த நிலையில் அணுக்கள் இடிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார்கள். இன்று உங்கள் போன் ஒரு நொடிக்குள் செய்யும் வேலை. அவர்களிடம் இருந்தவை மேசைக் கணக்குப் பொறியும் காகிதமும் பொறுமையும். சி. ராமகிருஷ்ணன் இந்த வேலையில் சேர்ந்த இளம் மாணவர். (நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் வேறு, இவர் வேறு. நானே ஒருமுறை குழம்பியிருக்கிறேன்.)

முடிவு வந்தபோது சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. கடலில் சில தீவுகள் மாதிரி அனுமதிக்கப்பட்ட இடங்கள் மட்டும் மிஞ்சின. கிளைசின் தவிர்ந்த மணிகளுக்கு அவை சதுரத்தின் கால்வாசிகூட இல்லை. ஒரு தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் இருந்தது. இன்னொன்றில் பீட்டா தகடு. அந்த இரண்டாவது தீவிலேயே கொலாஜனும். கை இல்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் மிகப் பெரியவை.

1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற மூன்று பெயர்களுடன் "ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி" இதழில் இது வந்தது. மொத்தம் 5 பக்கம். அப்போது முழு வடிவம் தெரிந்த புரதங்களே விரல் விட்டு எண்ணக்கூடியவை. மயோகுளோபினின் வடிவத்தைக் கண்ட கென்ட்ரூவும் ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்ட பெருட்ஸும் அதற்கு முந்தைய வருடம்தான் நோபல் பெற்றிருந்தார்கள். இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வடிவங்கள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, அதன் மணிகள் தீவுகளுக்குள் இருக்கின்றனவா, கடலில் விழுந்துவிட்டனவா என்று பார்க்கிறார்கள். கடலில் நிறையப் பேர் இருந்தால் எங்கேயோ பிழை. உருவாக்கியவர்களுக்கு 2024-இல் நோபல் பெற்றுத் தந்த, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் வரைந்து தரும் வடிவங்களையும் இதே வரைபடத்தில் வைத்துச் சோதிக்கலாம். உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் அதன் பெயர் "ராமச்சந்திரன் வரைபடம்".

கொலாஜனில் கண்ட ஒரு பிழையைப் பற்றிய சண்டை, எல்லாப் புரதங்களுக்குமான ஓர் அளவுகோலைத் தந்துவிட்டது.

அது உங்கள் உடம்பில் என்ன செய்கிறது

இதெல்லாம் வெறும் வடிவக் கணக்கு இல்லை. உயிர் போகும் விஷயம்.

செல் கொலாஜனை எவ்வளவு கவனமாகச் செய்கிறது என்று பாருங்கள். சங்கிலிகளைக் கோர்த்ததும், சில புரோலின் மணிகளில் ஒரு சின்ன ஒட்டு வேலை நடக்கிறது. அதைச் செய்யும் நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி தேவை. அந்த ஒட்டு இல்லாத முப்புரி சுமார் 24 பாகை செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடம்பின் சூடு 37. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். மாதக்கணக்கில் கடலில் பழமும் காய்கறியும் இல்லாமல் இருந்த மாலுமிகளுக்கு ஈறு கசிந்தது, பல் விழுந்தது, பழைய காயங்கள் திரும்பத் திறந்தன, பலர் இறந்தார்கள். அந்த நோய் ஸ்கர்வி. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளுக்கு வெவ்வேறு வைத்தியம் கொடுத்துப் பார்த்ததில், தோடம்பழமும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். காரணம் அவருக்குத் தெரியாது. கயிறு அவிழ்ந்தது என்பது இரண்டு நூற்றாண்டு கழித்துத்தான் புரிந்தது.

இன்னொன்று. கொலாஜன் கயிறுகள் ஒன்றுசேர்ந்து தடித்த இழைகளாக மாறுவது செல்லுக்குள்ளேயே நடந்தால் செல் அடைத்துப்போகும். அதனால் செல் கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஒரு மூடியை விட்டே கட்டுகிறது. வெளியே போன பிறகு வேறு நொதிகள் வந்து மூடியை வெட்டுகின்றன. அப்போதுதான் இழை கூடுகிறது. புரதத்தைச் செய்வது மட்டும் போதாது, எப்போது, எங்கே வேலை தொடங்க வேண்டும் என்றும் கட்டுப்படுத்த வேண்டும்.

கடைசியாக, நடுவில் உட்கார்ந்த அந்தக் குழந்தை. முக்கியமான கொலாஜனின் ஒரு சங்கிலியில் சுமார் ஆயிரம் மணிகள் உண்டு. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, ஒரு கிளைசினின் இடத்தில் கை நீட்டிய வேறொரு மணி வந்தால் கயிறு அந்த இடத்தில் சரியாக முறுகாது. சில பிள்ளைகள் எலும்பு இலேசில் முறியும் நோயுடன் பிறப்பதற்கு இது ஒரு காரணம். மூன்றில் ஒன்று ஏன் கிளைசின் என்று 1954-இல் கிண்டியில் கேட்ட கேள்விக்குள் இந்தப் பிள்ளைகளின் நோய்க்கான விளக்கமும் இருந்தது.

என் பேச்சுக்குத் திருத்தம்

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. அது உண்மை. கிடைத்திருக்கலாம் என்று நினைக்கும் விஞ்ஞானிகள் நிறையப் பேர். ஆனால் கிடைக்காத பரிசு வேறு, திருடப்பட்ட பரிசு வேறு. அவரை உலகம் மறக்கவும் இல்லை. 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1999-இல் படிகவியலின் பெரிய கௌரவமான எவால்ட் பரிசு கிடைத்தது. சென்னையை விட்டு பெங்களூர் போய் அங்கே மூலக்கூறு உயிரியற்பியல் துறையைக் கட்டினார். 1971-இல் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்டெடுக்க அவர் சொன்ன கணித முறை, இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் சிடி ஸ்கேனுக்கும் உதவியது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

கோபிநாத் கர்த்தாவின் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேனே. என் பேச்சில் அந்தப் பெயர் வரவில்லை. சசிசேகரன் வரவில்லை. ராமகிருஷ்ணன் வரவில்லை. "நம்மவர் பெயரை மறைத்துவிட்டார்கள்" என்று மேடையில் கத்திய நான், நம்மவர்களில் மூன்று பேரின் பெயரை நானே மறைத்திருந்தேன். கிரிக்கும் ரிச்சும் சென்னைக் கட்டுரையைப் பெயர் சொல்லி எழுதினார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு, வகுப்புப் புத்தகத்தில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கும் தெரியும். பதினோராம் வகுப்பில் டீச்சர் "ரமா... சாண்ட்ரன்" என்று தடுமாறியபோது நான்தான் கையை உயர்த்திச் சரியாகச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்தச் சந்தோஷத்தை விட வேண்டாம். ஆனால் அதற்காகக் கதையைப் பெரிதாக்கவும் வேண்டாம். உள்ள கதையே போதுமான அளவு பெரிது: ஆய்வுக்கூடத்தை முதலிலிருந்து கட்ட வேண்டிய ஒரு நகரத்தில், கங்காரு வாலை வைத்துக்கொண்டு, உலகமே தேடிய ஒரு வடிவத்தைச் சிலர் கண்டார்கள். பிழை என்று சொன்னபோது கோபித்துக்கொள்ளாமல் அளவுகோலைச் செய்தார்கள்.

தங்கை, நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில்: ஆம், இப்போது வாசித்துவிட்டேன். 1963 கட்டுரை 5 பக்கம்தான், நீயும் வாசிக்கலாம். எல்லாம் புரியாது. எனக்கும் புரியவில்லை. ஆனால் அந்த வரைபடம் புரியும்.

போன சனிக்கிழமையும் அம்மம்மா சூப் வைத்தார். ஞாயிறு காலை ஜெல்லியைக் காட்டி, "அம்மம்மா, இது மூன்று புரியாக முறுக்கிய கயிறு, கொதியில அவிழ்ந்துபோச்சு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப கயிறு திரிக்கிற ஆக்களுக்கு முதலே தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.